டோக்கன் கொடுத்த பிறகும் வீட்டு விளம்பரம் தொடர்கிறதா? பெங்களூரில் வீடு வாங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

ராமமூர்த்தி நகரில் ஒரு ஃபிளாட்டுக்கு வெள்ளிக்கிழமை இரவு ஒரு லட்சம் ரூபாய் டோக்கன் அனுப்பினோம். விலை பேசி முடிந்திருந்தது. விற்பவர் வீட்டிலேயே காபி குடித்துவிட்டு, அடுத்த வாரம் அக்ரிமென்ட் போட்டுக்கொள்ளலாம் என்று கைகொடுத்துப் பிரிந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி ஒன்றும் பேசாமல் கைப்பேசியை என் முன் நீட்டினாள். அதே ஹால். மூலையில் அதே பித்தளைக் குத்துவிளக்கு. பால்கனியில் ஒரு பக்கம் விரிசல் விட்ட அதே துளசித் தொட்டி. விலை மட்டும் நாங்கள் பேசி முடித்ததைவிட மூன்று லட்சம் கூடுதலாக இருந்தது. பதிவிட்ட நாள்: இன்று.

அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. விசாரித்ததில், எங்களைப் பார்த்தே இராத ஒரு புரோக்கர் பழைய படங்களை எடுத்து மறுபடியும் போட்டிருந்தார் என்று தெரிந்தது. விற்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் அந்தப் பதற்றத்தில்தான் வேறொன்றைக் கவனித்தேன். அவர் உண்மையிலேயே வேறு ஆளுக்கு விற்க நினைத்திருந்தால், அவரைத் தடுக்க எங்களிடம் வங்கிக் கணக்கில் ஒரு வரியைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதன் பிறகு அல்சூரிலும் கே.ஆர்.புரத்திலும் வீடு வாங்கிய உறவினர்கள் சிலருக்குத் துணையாக அலைந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இதே பயம், இதே கேள்வி. விளம்பரத்தைப் பார்த்துப் பயப்படுவதைவிட, வாய்ப்பேச்சுக்கும் எழுதிய அக்ரிமென்ட்டுக்கும் நடுவே இருக்கும் நாட்களைக் குறைப்பதில் கவனம் வையுங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்வது. அதை எப்படிச் செய்வது என்று வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: கையில் இருப்பது என்ன என்று பாருங்கள்

விளம்பரம் கண்ணில் பட்டதும் விற்பவருக்கு போன் செய்யாதீர்கள். முதலில் உங்கள் நிலை என்ன என்று கணக்கெடுங்கள். வாய்ப்பேச்சு மட்டும்தானா? டோக்கன் பணம் போயிருக்கிறதா? அதற்கு ரசீது உண்டா? அக்ரிமென்ட் கையெழுத்தாகிவிட்டதா? அது பதிவு செய்யப்பட்டதா? இந்த ஐந்து நிலைகளில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே அந்த விளம்பரம் சாதாரணமானதா, ஆபத்தானதா என்று சொல்ல முடியும்.

சட்டம் இதில் கொஞ்சம் கறாரானது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 54-ஆவது பிரிவில், விற்பனை ஒப்பந்தம் மட்டுமே அந்தச் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்கிறது. அதாவது அக்ரிமென்ட் போட்ட பிறகும், கிரயப் பத்திரம் பதிவாகும் வரை வீடு விற்பவருடையதுதான். அக்ரிமென்ட் உங்களுக்குத் தருவது, "சொன்னபடி எழுதிக் கொடு" என்று நீதிமன்றத்தில் கேட்கும் உரிமை. வழக்கறிஞர்கள் இதை ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கு என்பார்கள். இது 1963-ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தில் வருகிறது. 2018-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, இந்தப் பரிகாரத்தைத் தருவதா வேண்டாமா என்று நீதிபதி தன் விருப்பப்படி முடிவெடுக்கும் இடத்தைப் பெரிதும் குறைத்திருக்கிறார்கள். வாங்குபவருக்கு அது நல்ல செய்தி.

ஆனால் அதே சட்டத்தின் 19-ஆவது பிரிவில் ஓர் ஓட்டை இருக்கிறது. உங்களுக்குப் பின்னால் வந்த ஒருவர், உங்கள் ஒப்பந்தம் பற்றித் தெரியாமல், நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்து வாங்கியிருந்தால் அவரிடமிருந்து வீட்டைப் பெற முடியாது. விளம்பரம் தொடர்வதில் உள்ள மெய்யான ஆபத்து இதுதான். அதைப் பார்த்து வருகிற புதியவருக்கு நீங்கள் ஒருவர் இருப்பதே தெரியாது. ஆகவே இனி நாம் செய்யும் ஒவ்வொன்றும், நாம் இருப்பது ஊருக்குத் தெரியும்படி இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: விளம்பரத்தை நிதானமாகப் படியுங்கள்

பெங்களூரில் விற்பனைக்கு வரும் வீட்டை எல்லாப் புரோக்கர்களும் சேர்ந்து ஒரே இடத்தில் பதிந்து, ஒரே இடத்தில் நீக்கும் வழக்கம் கிடையாது. விற்பவர் ஒரு தளத்தில் தானே போடுவார். அபார்ட்மென்ட் காவலாளி மூலமாக இரண்டு புரோக்கர்களுக்குத் தகவல் போகும். அவர்கள் 99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ், ஹவுசிங் என்று ஆளுக்கொரு பக்கம் போடுவார்கள். அந்தப் படங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி மூன்றாவது புரோக்கர் கைக்கும் வரும். வீடு விற்றுப்போனாலும், படம் அழகாக இருந்தால் சில புரோக்கர்கள் நீக்க மாட்டார்கள். அதைப் பார்த்துக் கூப்பிடுகிறவரிடம் "அது முடிந்துவிட்டது, பக்கத்திலேயே வேறொன்று இருக்கிறது" என்று சொல்லலாம் அல்லவா? வாங்கும் ஆட்களின் எண்கள் சேர்வதே அவர்களுக்கு வருமானம்.

ஆகவே பார்க்க வேண்டியவை இவை. போட்டவர் உரிமையாளரா, புரோக்கரா? படங்கள் நீங்கள் முதலில் பார்த்த அதே படங்களா, புதிதாக எடுத்தவையா? விலை மாறியிருக்கிறதா? தேதி தானாகப் புதுப்பிக்கப்பட்டதா, விளம்பரமே புதிதா? எங்கள் விஷயத்தில் துளசித் தொட்டிதான் உதவியது. நாங்கள் டோக்கன் கொடுக்கப் போன அன்று அந்தத் தொட்டி மாற்றப்பட்டு, புதிய சிமென்ட் தொட்டி இருந்தது. விளம்பரத்திலோ பழைய தொட்டி. ஆகவே படம் பழையது என்று தெளிவானது.

முழுப் பக்கத்தையும், தேதியும் எண்ணும் தெரியும்படி, திரைப்பிடிப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நம்பிக்கையான நண்பர் ஒருவரை அந்த எண்ணுக்குப் பேசச் சொல்லி, "இந்த வீட்டை இந்த வாரம் பார்க்க முடியுமா" என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். "முடிந்துவிட்டது" என்று பதில் வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. "வாருங்கள், சாவி என்னிடம் இருக்கிறது" என்றால் அடுத்த படிக்கு அன்றே போங்கள். நண்பர் விலை பேசவோ, வாங்குவதாக ஆசை காட்டவோ வேண்டாம். தெரிந்துகொள்வதற்கு அந்த ஒரு கேள்வியே போதும்.

மூன்றாம் படி: விற்பவரிடம் பேசுங்கள், பேசியதை எழுதுங்கள்

குற்றம் சாட்டும் தொனியில் தொடங்கினால் நல்ல மனிதரும் முறுக்கிக்கொள்வார். நான் பேசியது ஏறத்தாழ இப்படி: "சார், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா? உங்கள் வீட்டு விளம்பரம் இன்று மறுபடியும் வந்திருக்கிறது, விலையும் வேறாக இருக்கிறது. யார் போட்டது என்று உங்களுக்குத் தெரியுமா? எங்கள் வீட்டில் பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள்." அவர் உண்மையாகவே அதிர்ந்து, "படத்தை அனுப்புங்கள், நானே அந்த ஆளைக் கேட்கிறேன்" என்றார். அந்தப் பதிலின் வேகம் எனக்கு நிறையச் சொல்லியது.

இதில் விற்பவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. டோக்கன் கொடுத்துவிட்டு, வங்கிக் கடன் கிடைக்கவில்லை என்று இரண்டு மாதம் கழித்துக் கைவிரிக்கும் வாங்குபவர்கள் இந்த ஊரில் ஏராளம். மகள் கல்யாணத்துக்கோ, வேறு வீடு வாங்கவோ விற்கிறவருக்கு அந்த இரண்டு மாதம் பேரிழப்பு. அதனால் அக்ரிமென்ட் ஆகும் வரை விளம்பரம் இருக்கட்டும் என்று நினைப்பவரை உடனே வஞ்சகர் என்று முடிவு கட்டாதீர்கள். அவருடைய பயத்தைப் போக்குவது உங்கள் கையில்தான் இருக்கிறது. கடனுக்கான முன் ஒப்புதல் கடிதத்தைக் காட்டுங்கள், அக்ரிமென்ட் தேதியை நீங்களே முன்வந்து சொல்லுங்கள்.

பேசி முடித்ததும், அதே நாளில் ஒரு செய்தி அனுப்புங்கள்: எந்த வீடு, என்ன விலை, எவ்வளவு டோக்கன், விளம்பரத்தை எந்தத் தேதிக்குள் நீக்குவதாகச் சொன்னார், அக்ரிமென்ட் என்றைக்கு. அவர் "சரி" என்று ஒரு சொல் பதில் போட்டாலும் அது எழுத்து. பிற்பாடு மிக உதவும்.

நான்காம் படி: டோக்கன் ரசீது

பெரும்பாலானவர்கள் கோட்டை விடும் இடம் இது. நாங்களும் விட்டோம். யூபிஐ-யில் பணம் போய்விட்டது, அதுவே சாட்சி என்று நினைத்தோம். பணம் போனதற்கு அது சாட்சிதான். எதற்காகப் போனது, எந்த வீட்டுக்கு, என்ன விலைக்கு, எத்தனை நாளுக்கு என்று அதில் ஒன்றும் இல்லை. இன்னொன்றும் பிறகுதான் தெரிந்தது. வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருந்தது. பேசியதும் பணம் வாங்கியதும் கணவர் மட்டும். அந்த அம்மா ஒரு சொல் "எனக்குச் சம்மதமில்லை" என்றிருந்தால் எல்லாம் முதலில் இருந்து தொடங்கியிருக்கும்.

ரசீது ஒரு பக்கம் போதும். அதில் எல்லா உரிமையாளர்களின் கையெழுத்தும் இருக்க வேண்டும். ஃபிளாட் எண்ணும் இ-கட்டாவில் (மாநகராட்சியின் மின்னணுச் சொத்துப் பதிவு) உள்ள சொத்து அடையாள எண்ணும் இருக்க வேண்டும். பேசி முடித்த முழு விலை எண்ணாலும் எழுத்தாலும் வேண்டும். அதோடு இந்த நான்கு வாக்கியங்களைச் சேருங்கள்:

"இன்றிலிருந்து 15 நாட்களுக்குள் விற்பனை ஒப்பந்தம் எழுதிக்கொள்ளப்படும். அதுவரை உரிமையாளர்கள் வேறு எவரிடமும் முன்பணம் பெறுவதோ விலை பேசுவதோ இல்லை. தாங்களும் தங்கள் புரோக்கர்களும் போட்ட விளம்பரங்களை 3 நாட்களுக்குள் நீக்குவார்கள். உரிமையாளர்கள் பின்வாங்கினாலோ, ஆவணங்களில் குறை இருந்தாலோ, வாங்குபவருக்கு வங்கிக் கடன் மறுக்கப்பட்டாலோ, முன்பணம் முழுவதும் 7 நாட்களுக்குள் திருப்பித் தரப்படும்."

கடன் மறுப்புக்கும் பணம் திரும்ப வேண்டும் என்பதை எல்லா விற்பவரும் ஒப்ப மாட்டார்கள். பேசிப் பாருங்கள். ஒரு சிறு தொகையைப் பிடித்துக்கொள்வதாக முடிந்தாலும் பரவாயில்லை, எழுத்தில் இருக்கட்டும்.

ரொக்கம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வீடு, மனைக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதமாகும். ஆனால் உங்கள் கவலை வேறு: ரொக்கத்துக்குத் தடயம் இல்லை.

டோக்கனுக்கு முன்பே இ-கட்டாவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 2024 அக்டோபர் முதல் பெங்களூரில் இ-கட்டா இல்லாமல் கிரயம் பதிவாவதில்லை. பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் திருத்தத்துக்கு வாரக்கணக்கில் ஆகலாம். அந்த வாரங்கள் முழுவதும் வீடு விளம்பரத்தில் இருக்கும், நீங்கள் தூக்கம் கெட்டு இருப்பீர்கள்.

ஐந்தாம் படி: அக்ரிமென்ட்டை விரைவாக முடித்து, பதிவு செய்யுங்கள்

தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். அங்கே 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். கர்நாடகத்தில், வீட்டை உங்கள் வசம் ஒப்படைக்காத சாதாரண விற்பனை ஒப்பந்தத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பதிவாகாத ஒப்பந்தத்தை வைத்தும் வழக்குப் போடலாம். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமே 49-ஆவது பிரிவில் அதற்கு இடம் தருகிறது. அதனால்தான் இங்கே பலர் நோட்டரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

நான் பதிவு செய்யச் சொல்வேன். செலவு கூடும், விற்பவரை ஒரு முறை சார் பதிவாளர் அலுவலகத்துக்கு அழைக்க வேண்டியிருக்கும். அப்படியிருந்தும் செய்யுங்கள். பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் வந்துவிடும். விளம்பரத்தைப் பார்த்து வரும் அடுத்தவர், ஓர் அரைகுறை வழக்கறிஞரிடம் காட்டினாலும் முதலில் எடுப்பது வில்லங்கச் சான்றைத்தான். அங்கே உங்கள் பெயர் நிற்கும். "எனக்குத் தெரியாது" என்று சொல்வது அவருக்கு மிகக் கடினமாகும். அவருக்குக் கடன் தரும் வங்கியும் அங்கேயே நின்றுவிடும்.

பதிவு செய்யாவிட்டாலும் முத்திரைக் கட்டணத்தைச் சரியாகக் கட்டுங்கள். வீட்டில் கிடந்த பழைய முத்திரைத்தாளில் எழுதி வைத்த ஒப்பந்தத்தை நீதிமன்றம் அப்படியே சான்றாக ஏற்காது. கர்நாடக முத்திரைச் சட்டப்படி கட்டாமல் விடுபட்ட தொகையைப் போல் பத்து மடங்கு வரை தண்டம் கட்டிய பிறகே ஏற்கும்.

அக்ரிமென்ட்டில் கிரயத்துக்கான கடைசித் தேதி தெளிவாக இருக்க வேண்டும். வீட்டின் விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு தொகையிலும், முன்பணம் உட்பட, 1 சதவீதம் வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. கட்டிய சான்றில் விற்பவரின் பான் எண்ணும் உங்கள் பான் எண்ணும் இருக்கும். பேரம் நடந்ததற்கு அதுவும் ஓர் அரசுத் தடயம். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் வரிக் கணக்கே வேறு. ஆடிட்டரைப் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம்.

ஆறாம் படி: பொது அறிவிப்பும் வில்லங்கச் சான்றும்

"இந்தச் சொத்தை என் கட்சிக்காரர் வாங்க இருக்கிறார், ஆட்சேபம் உள்ளவர்கள் 7 அல்லது 15 நாட்களுக்குள் தெரிவிக்கவும்" என்று வழக்கறிஞர் பெயரில் ஒரு கன்னட நாளிதழிலும் ஓர் ஆங்கில நாளிதழிலும் அறிவிப்புக் கொடுப்பது பெங்களூரில் பழைய வழக்கம். பங்காளித் தகராறு, அடமானம் போன்றவற்றை வெளியே கொண்டுவரத்தான் இதைச் செய்கிறார்கள். நம் கவலைக்கும் இது மருந்து. விற்பவரிடம் சொல்லிவிட்டே கொடுங்கள். இதற்கு அவர் காரணமில்லாமல் முகம் சுளித்தால், அந்தச் சுளிப்பை நான் விளம்பரத்தைவிடப் பெரிய எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வேன்.

வில்லங்கச் சான்றை ஒரு முறை எடுத்து உறையில் போட்டு வைத்தால் போதாது. கர்நாடகப் பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தில் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். அக்ரிமென்ட்டுக்கு முன்பு ஒன்று, நடுவில் ஒன்று, கிரயத்துக்கு முந்தைய நாள் ஒன்று என்று எடுங்கள். 2024 முதல் ஒரே மாவட்டத்துக்குள் எந்தச் சார் பதிவாளர் அலுவலகத்திலும் பதிவு செய்ய முடிகிறது. ஆகவே நம் பகுதி அலுவலகத்தில் தெரிந்த ஒருவரிடம் "ஏதாவது வந்தால் சொல்லுங்கள்" என்று சொல்லி வைக்கும் பழைய ஏற்பாடு இனி உதவாது. வேறெந்த அலுவலகத்தில் பதிவானாலும் சான்றில் தெரியும். விற்பவருக்கு வீட்டுக் கடன் இருக்கிறதா என்பதை செர்சாய் என்னும் மத்திய அடமானப் பதிவேட்டிலும் தேடிப் பாருங்கள்.

ஏழாம் படி: உண்மையிலேயே வேறொருவருக்கு விற்கிறார் என்றால்

நண்பருக்கு வீட்டைக் காட்டினார்கள், விற்பவர் போனை எடுப்பதில்லை, "விலை ஏறிவிட்டது, கூடக் கொடுத்தால் பார்க்கலாம்" என்று புரோக்கர் மூலம் செய்தி வருகிறது. இப்போது என்ன செய்வது?

டோக்கன் மட்டுமே கொடுத்திருந்தால், என் மனதார்ந்த ஆலோசனை, பணத்தை எழுத்து மூலம் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டு விலகுங்கள். இந்த நகரத்துச் சிவில் நீதிமன்றத்தில் ஒரு லட்ச ரூபாய் டோக்கனுக்காக ஆண்டுக்கணக்கில் நிற்பது, அந்த வீட்டின் மேல் வைத்த ஆசையைவிட அதிகமாக உங்களைத் தின்றுவிடும்.

அக்ரிமென்ட் போட்டிருந்தால் விலகாதீர்கள். உடனே வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்புங்கள். அதன் நகலை அந்தப் புரோக்கருக்கும், வாங்க வருபவர் யார் என்று தெரிந்தால் அவருக்கும் அனுப்பச் சொல்லுங்கள். அந்த நகல் சென்று சேர்ந்த நொடியிலிருந்து அவர் "தெரியாமல் வாங்கியவர்" இல்லை. அவசரம் என்றால் ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கோடு, வேறு எவருக்கும் விற்கக் கூடாது என்று தடை உத்தரவும் கேட்கலாம். வழக்கு நடக்கும்போது வீடு கைமாறினாலும், சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி அந்த விற்பனை உங்கள் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டது.

வழக்கில் நீங்கள் காட்ட வேண்டிய முக்கியமான விஷயம், மீதிப் பணத்தோடு நீங்கள் தொடர்ந்து தயாராக இருந்தீர்கள் என்பது. ஆகவே கடன் ஒப்புதல் கடிதம், வைப்புத்தொகை விவரம், "எப்போது பதிவுக்கு வரலாம்" என்று நீங்கள் கேட்ட செய்திகள் எல்லாவற்றையும் தேதி வாரியாக வையுங்கள். வழக்கு மனுவிலேயே, வீடு கிடைக்காவிட்டால் முன்பணமாவது திரும்ப வேண்டும் என்றும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். கேட்காததை நீதிமன்றம் தானாகத் தராது. காலக்கெடு, கிரயத்துக்கென்று குறித்த தேதியிலிருந்து மூன்று ஆண்டுகள்.

பில்டரிடம் புதிய ஃபிளாட் வாங்குவோருக்கு

இங்கே விளம்பரம் தொடர்வது இயல்பு, மற்ற ஃபிளாட்டுகள் விற்பனையில் இருக்கும். உங்கள் ஃபிளாட் எண், மாடி, கார்பெட் பரப்பு (சுவர்களுக்குள் புழங்கும் தளப் பரப்பு) மூன்றும் எழுதிய ஒதுக்கீட்டுக் கடிதம் கையில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 2016-ஆம் ஆண்டின் ரெரா என்னும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 13-ஆவது பிரிவில், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அதற்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள். உங்கள் எண்ணையே வேறொருவருக்குக் காட்டினால் அந்தச் சட்டப்படி அமைந்த கர்நாடக ரெரா ஆணையத்தில் புகார் செய்யலாம்.

பதிவு நாளும் அதற்குப் பிறகும்

காவேரி முறையில் கிரயப் பத்திர வரைவை முன்கூட்டியே ஏற்றி, சார் பதிவாளர் சரிபார்த்த பிறகு பணம் கட்டி நேரம் குறிக்க வேண்டும். குறித்த நாள் காலையில் இன்னொரு முறை வில்லங்கத்தைப் பாருங்கள். மீதிப் பணத்துக்கான வங்கி வரைவோலை, கையெழுத்தும் கைரேகையும் வைக்கும் வரை உங்கள் பையிலேயே இருக்கட்டும். பதிவான பிறகு, உங்கள் பெயர் ஏறிய வில்லங்கச் சான்றை எடுத்து, அதைக் காட்டி, விளம்பரம் இருக்கும் ஒவ்வொரு தளத்திலும் "வீடு விற்றுவிட்டது" என்று புகார் பதியுங்கள்.

நாங்கள் பால் காய்ச்சிக் குடிபுகுந்து மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை மாலை, ஓசூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி கைக்குழந்தையோடு வந்து அழைப்பு மணியை அடித்தார்கள். கையில் அந்த விளம்பரம், அதே பழைய துளசித் தொட்டி. உள்ளே அழைத்துத் தண்ணீர் கொடுத்து, பதிவான பத்திரத்தின் முதல் பக்கத்தைக் காட்டினோம். அந்தப் பெண், முந்தைய நாள்தான் வேறொரு வீட்டுக்கு டோக்கன் அனுப்பியதாகவும், அதுவும் இன்னும் விளம்பரத்தில் இருப்பதாகவும் சொன்னார். ரசீது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். மேசையிலிருந்த குறிப்பேட்டில் ஒரு தாளைக் கிழித்து, மேலே சொன்ன நான்கு வாக்கியங்களையும் எழுதிக் கொடுத்தேன்.